சாம்பார்ப் பாட்டும் எங்கள் முதல் ஆல்பமும்

கொழும்பில் அந்த ஸ்டூடியோவின் வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் நாங்கள் நான்கு பேரும் கழற்றி, சுவரோரமாக வரிசையாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போனோம். உள்ளே அவ்வளவு அமைதி. அத்தனை அமைதியான இடத்துக்குள் சப்பாத்தோடு போய் எங்களுக்குப் பழக்கமில்லை.

தரையில் மெத்தென்று கம்பளம். சுவரெல்லாம் துணி. ஏசி குளிர் முகத்தில் அடித்தது. கொழும்பு வெயிலுக்குப் பயந்து மெல்லிய சட்டை போட்டு வந்த செபா, தோளை இறுக்கிக்கொண்டு என் காதில் சொன்னான்.

"இந்தக் குளிருக்கா மச்சான் விடிய முன்ன பஸ் ஏறி வந்தோம்? இது நம்ம ஊருலயே இருக்குதே."

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பேண்டின் சிவப்புக் கோட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "கோட்டு கதையெல்லாம் சரிங்க. அந்த ஆல்பம் எப்பிடி வந்துச்சுனு எப்பங்க எழுதப் போறீங்க?" என்று கேட்டார். கேட்ட தோரணையில் கொஞ்சம் அதட்டலும் இருந்தது. அவருக்குப் பயந்து இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் லிங்கம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டெனர் சாக்ஸபோன் வாசிப்பவன். டிரம்ஸ், என்னோடு ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்த செபஸ்தியான். செபா என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறான். டிரம்பெட், ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கும் குமார். பெரிய பித்தளைக் குழலான யூபோனியம், தியாகு மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். மற்ற ஜாஸ் குழுக்களில் ஆள் உயர பேஸ் வயலின் செய்கிற வேலையை எங்களில் அவருடைய குழல் செய்யும். ஆள் உயர வயலினைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது என்பதுதான் காரணம்.

எங்களை அங்கே வரவழைத்தவள் திலினி. என் மகள் வயது. சொந்தமாக ஒரு சின்ன ஸ்டூடியோ நடத்தி, ஆல்பங்களும் வெளியிடுகிறாள். நாங்கள் வாசித்துப் போன ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸிலிருந்து யாரோ கோபத்தில் போனில் படம் பிடித்து, ரோட்டை மறிக்கிறார்கள் என்று திட்டிப் போட்டிருக்கிறார்கள். திலினி அந்தத் திட்டைப் படிக்கவில்லை. சங்கீதத்தைக் கேட்டிருக்கிறாள். திட்டியவருக்கு இந்த இடத்தில் என் நன்றி.

கேசட் சங்கீதம்

இந்தச் சங்கீதம் எப்படி மலை ஏறியது என்று கேட்கிறார்கள். ஒரு கேசட்டில் ஏறியது.

எனக்கு மீசை முளைத்த காலத்தில், ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் வாசிக்க ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அங்கே பேண்ட் நடத்திய மனிதர் குடும்பத்தோடு வெளிநாடு போனபோது, கனம் தாங்காது என்று தன் பழைய சாக்ஸபோனை எனக்குக் கொடுத்தார். அந்தப் பெட்டிக்குள் அட்டையில்லாத ஒரு கேசட் கிடந்தது. வாசித்தது யார், எந்த ஊர், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

டிரம்பெட்டும் சாக்ஸபோனும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு ஒரே ராகத்தை எடுக்கும். பிறகு ஒவ்வொருவராகத் தனியே புறப்பட்டு, மனத்தில் தோன்றியதை வாசித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். பின்னாலிருந்து டிரம்ஸ் விடாமல் கிளப்பிவிடும். மாதா கோயில் பாட்டின் சாயல் ஒரு பக்கம், மனசைப் பிசைகிற ஏக்கம் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் உட்கார விடாத துள்ளல். மாரியம்மன் கோயில் பஜனையில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அந்தக் கொடுக்கல் வாங்கலும் அதில் இருந்தது. கேசட்டின் நாடா சுருண்டு சாகும்வரை கேட்டோம்.

அது ஜாஸில் ஒரு வகை, அதற்கு ஹார்ட் பாப் என்று பெயர் என்பதே திலினி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதுவரை அது எங்களுக்குக் கேசட் சங்கீதம்.

சாக்ஸபோனைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடுபனிக் காலத்தில் அதன் தோல் மூடிகள் ஈரத்தில் உப்பி ஒட்டிக்கொள்ளும். அதனால் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவேன். அதே கம்பியில்தான் என் மனைவி கருவாட்டையும் தொங்கவிடுவாள். நான் மனம் உருகி வாசிக்கும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் மூக்கைச் சுளித்தால் அது என் வாசிப்புக்காக அல்ல.

மாப்பிள்ளைக்கு முன்னால்

வயிற்றுக்கும் மனசுக்கும் கல்யாண பேண்ட்தான். எங்கள் தோட்டம் மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு பிரிவு. கல்யாணம் என்றால் மேல் டிவிசன் மண்டபத்தில். மாப்பிள்ளை ஊர்வலம் கீழ் டிவிசனிலிருந்து புறப்பட்டு ஏறி வரும். பேண்ட் முன்னால், மாப்பிள்ளை பின்னால்.

மேலே மண்டபத்தில் யாரும் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. எங்கள் சத்தம் கேட்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். சத்தம் தூரத்தில் கேட்டதும் பெண்ணை எழுப்பி உட்கார வைப்பார்கள். கிட்டே வந்ததும் ஆரத்தித் தட்டில் கற்பூரம் ஏறும். ஆக எங்கள் வேலை சங்கீதம் மட்டுமல்ல. மாப்பிள்ளை வருகிறார் என்று முன்கூட்டிச் சொல்லி வைப்பதும்தான்.

லயத்தைத் தாண்டும்வரை சினிமாப் பாட்டு வாசிப்போம். மதகைத் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் தேயிலை மட்டும்தான். ஊர்வலத்தில் வருகிறவர்கள் பேச்சில் மூழ்கிவிடுவார்கள். அங்கேதான் எங்கள் கேசட் சங்கீதம் தொடங்கும். எங்களுக்கு ஒத்திகை பார்க்க வேறு இடமே கிடையாது. லயத்து அறையான காம்பராவுக்குள் டிரம்பெட் ஊதினால் பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிடும்.

அப்படி நாங்களாகவே உண்டாக்கிய ஒரு பாட்டுக்குச் சாம்பார்ப் பாட்டு என்று பெயர். மதகில் ராகத்தை எடுப்போம். தேயிலை ஸ்டோர்வரை குமாரின் டிரம்பெட் தனியாகப் போகும். கோயில் பக்கம் என் முறை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் செபா தனியாக வெளுத்து வாங்குவான். மண்டபத்துச் சாம்பார் வாசம் மூக்கில் ஏறியதும் நான்கு பேரும் சேர்ந்து முடிப்போம். சாம்பார் வராமல் பாட்டை முடித்ததாக எனக்கு நினைவில்லை.

காதுக்குள் ஒரு பல்லி

ஸ்டூடியோவில் எங்களை ஆளுக்கொரு கண்ணாடி அறைக்குள் விட்டாள் திலினி. எல்லோர் காதிலும் ஹெட்போன். அதற்குள் தாளத்துக்காக ஒரு சத்தம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. கிளிக் என்றார்கள். "காதுக்குள்ள பல்லி பூந்த மாதிரி இருக்குதே" என்றார் தியாகு மாஸ்டர்.

மற்றப் பாட்டுகளை எப்படியோ கரையேற்றினோம். சாம்பார்ப் பாட்டு மட்டும் ஏறவே மாட்டேன் என்றது. தொடக்கம் நன்றாக இருக்கும். குமார் முடித்து நான் எடுத்துக் கொஞ்ச நேரத்தில் தாளம் இழுக்கும். கிளிக் ஒரு பக்கம் போகும், நாங்கள் ஒரு பக்கம் போவோம். திரும்பத் திரும்ப அதே இடம்.

திலினி என்னை மட்டும் தன் மேசைக்குக் கூப்பிட்டாள். நானும் திலினியும் பேசியதெல்லாம் சிங்களத்தில். என் தமிழில் தருகிறேன்.

"லிங்கம் அங்கிள், கோவிச்சுக்காதீங்க. டிரம்ஸ்தான் இழுக்குது. நாளையோட உங்க நேரம் முடியுது, அப்புறம் ஸ்டூடியோவ வேற ஆளுங்களுக்குக் குடுத்திருக்கேன். எனக்குத் தெரிஞ்ச நல்ல டிரம்மர் ஒருத்தர் இருக்கார், வரச் சொல்லவா? ஆல்பத்துக்கே இதுதான் முக்கியமான பாட்டு."

"செபா கிட்ட என்னான்னு சொல்றது மகள்?"

"நான் சொல்றேன்."

சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் மேசையிலிருந்து எங்கள் ஹெட்போனுக்குப் பேசும் பொத்தான் அமுங்கியபடியே இருந்திருக்கிறது. செபாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவன் குச்சிகளைச் சேர்த்து வைத்துவிட்டு நான் நின்ற இடத்துக்கு வந்தான். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். அவனுக்கு நடிக்க வராது.

"அந்த ஆள வரச் சொல்லு மச்சான். பாட்டு வெளிய வரணும். யாரு தட்டுனா என்னா?"

"நீ இல்லாம எப்பிடிடா?"

"லொறி ஓட்டுறவனுக்கு எதுக்குடா ஆல்பம்? ஒனக்கு வயசு போகுது. இந்தத் தடவ விட்டா இனி எப்ப?"

நான் ஆசைப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். என் பெயர் போட்ட ஒரு ஆல்பம் வேண்டும் என்று நான் ஆசைப்படாத நாளில்லை. ஆனால் அதில் செபா இல்லை என்றால் அதை எந்த முகத்தோடு வீட்டில் வைத்துக் கேட்பேன்? அந்தக் குழப்பத்தில் நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திலினி போனை எடுத்தாள்.

சோபாவில் செபா

மறுநாள் காலை வந்தவர் நல்ல மனிதர். செபாவுக்குத்தான் முதலில் கை கொடுத்தார். டிரம்ஸில் உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது, கையில் வித்தை உள்ளவர். கிளிக்கோடு கிளிக்காக, நூல் பிடித்த மாதிரிப் போனார்.

செபா திலினியின் மேசைக்குப் பின்னால் இருந்த சோபாவில் உட்கார்ந்திருந்தான். கையில் பிளேன் டீ. என் அறையிலிருந்து கண்ணாடி வழியாக எல்லோரையும் பார்க்க முடிந்தது.

தொடங்கினோம். குமார் பிரமாதமாக வாசித்து முடித்தான். நான் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அதே இடம் வந்தது. புது டிரம்மர் இம்மியும் பிசகாமல் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் அவருக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்தோம்.

அப்போதுதான் கண்ணாடியில் கவனித்தேன். புது டிரம்மர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். குமார் முன்னால் சாய்ந்திருக்கிறான். தியாகு மாஸ்டர் யூபோனியத்தைக் கட்டிக்கொண்டு அதே மாதிரிச் சாய்ந்திருக்கிறார். நான் சாய்ந்திருப்பதும் கண்ணாடியில் தெரிகிறது. இதெல்லாம் போகட்டும். கையில் குச்சி இல்லாமல், தேத்தண்ணிக் கோப்பையோடு சோபாவில் இருக்கும் செபாவும் முன்னால் சாய்ந்து, ஒரு முழங்காலில் கை ஊன்றியிருக்கிறான்.

கொழுந்துச் சாக்கோடு ஏற்றத்தில் ஏறுகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். அதே சாய்வு. எனக்குப் பிடிபட்டுவிட்டது. சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. பாட்டு பாதியில் நின்றது.

"என்னாச்சு மச்சான்?" என்று செபா ஓடி வந்தான்.

"டேய், கோயில் வளைவுடா! நம்ம ரோட்டு கோயில் வளைவு! ஏத்தம் ஆரம்பிக்கிற எடம்டா இது!"

தியாகு மாஸ்டர்தான் கணக்குப் போட்டார். மதகிலிருந்து ஸ்டோர்வரை சமதரை. அப்புறம் வளைவு, செங்குத்தாக ஏற்றம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் திரும்பவும் சமதரை. பாட்டின் நீளமே அந்த ரோட்டின் நீளம்தான். ஏற்றத்தில் மூச்சு வாங்கி நாங்கள் மெதுவாகிற இடத்தில் பாட்டும் மெதுவாகிறது. எத்தனையோ கல்யாணத்துக்கு அப்படியே நடந்து நடந்து, கால் ஏறாத இடத்திலும் பாட்டு ஏறப் பழகிவிட்டது. வளைவில் என் முறை வந்ததால் நான் துண்டு துண்டாகவே வாசிக்கப் பழகியிருக்கிறேன். அதை என் பாணி என்று இவ்வளவு காலம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் மட்டும் இழுக்கல?" என்று கேட்டான் செபா.

"நாலு பேரும் சேந்துதான்டா இழுத்திருக்கோம்."

அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததே போதும், நான் கொழும்புக்கு வந்தது வீண் போகவில்லை.

திலினிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "அங்கிள், கேக்கிற ஆளுக்கு ரோடு தெரியாதே. தாளம் தப்புன மாதிரித்தானே கேக்கும்" என்றாள். நியாயமான பேச்சு. கிளிக்கோடு பழகிக்கொண்டு வந்தால் பிறகு பார்க்கலாம், அல்லது அந்த டிரம்மரை வைத்து மூன்று பேரும் திருத்திக்கொள்ளலாம் என்றாள். இந்த முறை என்னால் வாய் திறக்க முடிந்தது.

"செபா இல்லாம இல்ல மகள். ஆல்பம் வராட்டியும் பரவாயில்ல."

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். வட்டவளை தாண்டி பஸ் ஏறத் தொடங்கியபோது குளிர்ந்த காற்று வந்தது. செபா ஜன்னலோரம் உட்கார்ந்து முன்சீட்டில் தாளம் தட்டிக்கொண்டே வந்தான். முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பி முறைத்தார்.

திலினிக்கு மூச்சு வாங்குகிறது

அந்தக் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை திலினி என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கழுத்தில் ஹெட்போன்.

"அந்த ரோட்டக் காட்டுங்க அங்கிள்."

மதகிலிருந்து நடந்தோம். ஸ்டூடியோவில் பதிந்த சாம்பார்ப் பாட்டை, செபா வாசித்ததை, காதில் மாட்டிக்கொண்டே நடந்தாள். ஸ்டோர்வரை என்னோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டும் வந்தாள். கோயில் வளைவு வந்தது. பேச்சு குறைந்தது. பிறகு வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விழுந்தது. பிறகு பேச்சே இல்லை. முழங்காலில் கை ஊன்றி, முன்னால் சாய்ந்து ஏறினாள்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சமதரை வந்ததும் ஹெட்போனைக் கழற்றினாள். முகம் சிவந்திருந்தது.

"நானும் அதே எடத்துல மெதுவாயிட்டேன்."

"யாரா இருந்தாலும் அப்பிடித்தான் மகள்."

"இத நேராக்கப் பாத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மேல் டிவிசன் மண்டபத்திலேயே பதிந்தோம். போயா தினம், பௌர்ணமி விடுமுறை, தோட்டத்தில் வேலையில்லை. கண்ணாடி அறை இல்லை, ஹெட்போன் இல்லை, பல்லி இல்லை. நான்கு பேரும் வட்டமாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தோம். கோயில் வளைவில் நான்கு பேரும் சேர்ந்து சாய்ந்தோம். ஆல்பத்தில் ஓரிடத்தில் ஒரு நாய் குரைப்பது கேட்கும். அது மண்டபத்துக் காவல்காரரின் நாய். அதற்கும் தாளஞானம் உண்டு என்று செபா இன்னும் சாதிக்கிறான்.

லொறி வேண்டாம்

ஆல்பம் வெளியே வந்தது. ‘கோயில் வளைவு’ என்று பெயர் வைத்தோம். இணையத்தில் யாரோ ஒரு பெரிய ரசிகர், நாங்கள் வேண்டுமென்றே துணிந்து தாளத்தை உடைக்கிறோம் என்று புகழ்ந்து எழுதியிருந்தார். வாசித்துக் காட்டினேன்.

"நாம எங்க மச்சான் ஒடச்சோம்? ஏறுனோம், அவ்வளவுதான்" என்றான் செபா.

மேல் டிவிசன்காரர்கள் எங்களுக்கு மண்டபத்தில் ஒரு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்தார்கள். குமாரும் தியாகு மாஸ்டரும் குடும்பங்களோடு முன்னமே வேனில் போய்விட்டார்கள். செபா லொறியோடு என்னை ஏற்ற வந்தான். மதகில் நான் நிறுத்தச் சொன்னேன்.

"நடப்போமா?"

"முழங்கால் ஒத்துக்கணுமே" என்றான். ஆனால் சாவியை எடுத்துவிட்டு இறங்கினான்.

தியாகு மாஸ்டரின் சின்ன ஸ்பீக்கர் என் கையில் இருந்தது. போனை அதோடு இணைத்து, சத்தத்தை முழுக்க வைத்து, சாம்பார்ப் பாட்டைப் போட்டேன். கையில் குழல் இல்லாமல், தோளில் டிரம் இல்லாமல், எங்கள் பாட்டுக்கு நாங்களே ஊர்வலம் போனோம். தேயிலைக்கு மேலே வெயில் மெல்லியதாக இருந்தது.

ஸ்டோர்வரை பாட்டும் நாங்களும் ஒன்றாகப் போனோம். வளைவு வந்தது. பாட்டு மெதுவானது. நாங்கள் அதைவிட மெதுவானோம். செபாவின் முழங்கால் பிடித்துக்கொண்டது. எனக்கும் மூச்சு வாங்கியது. ஆல்பத்தில் நாங்கள் வாசித்தது எங்கள் இளவயது நடையை. கைக்கும் வாய்க்கும் அது அப்படியே நினைவிருக்கிறது. காலுக்குத்தான் மறந்துவிட்டது.

கோயில் படியில் உட்கார்ந்துவிட்டோம். ஸ்பீக்கரில் பாட்டு ஏற்றத்தை முடித்துச் சமதரைக்குப் போய்விட்டது. செபாவின் டிரம்ஸ் தனியாக வெளுத்து வாங்கத் தொடங்கியது. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"பாத்தியா மச்சான், நான் பள்ளிக்கூடத்துக்கே போயிட்டேன். நீ இன்னும் இங்கயே இருக்க."

இருவரும் சிரித்தோம். இவன் இல்லாமல் இந்தச் சத்தம் வந்திருக்கும் என்று ஒரு நாள் நினைத்துப் பார்த்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது. மனசு நிறைந்திருந்தது. பாட்டு அதன் மண்டபத்தை அடைந்து முடிந்தது.

அப்போது மேலே மண்டபத்து ரோட்டு ஓரத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. கையில் தட்டோடு யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"பேண்டு சத்தம் கேட்டுச்சே! கற்பூரமும் வச்சாச்சு! ஆளுங்களத்தான் காணோம்!"

செபா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். வாயைக் கையால் குவித்துக் கத்தினான்.

"பாட்டு முன்னால வந்துருச்சு தங்கச்சி! நாங்க பின்னால வந்துக்கிட்டு இருக்கோம்!"